தொடாத கை

தெருவில் அவனுக்கு உருண்டைக்காரன் என்று பெயர் விழுந்து பல வருஷமாகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே கொஞ்சம் யோசித்துத்தான் திரும்புவான். ஆள் ஒன்றும் உருண்டை இல்லை, ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான். அவன் செய்துகொண்டிருந்த பொருள்தான் உருண்டை.

கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவர்கள் கையில் பிடித்துக்கொள்கிற கன்ட்ரோலரைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் பிடி, மேலே கட்டைவிரல்களுக்கு இரண்டு குச்சி, ஓரத்தில் நாலைந்து பட்டன். உலகம் முழுக்க அதுதான். உருண்டைக்காரன் செய்ததில் குச்சியும் கிடையாது, பட்டனும் கிடையாது. பெரிய மாதுளம்பழம் அளவுக்கு ரப்பர் போர்த்திய ஒரு பந்து, அவ்வளவுதான். நடுவில் இரண்டாகப் பிரிந்து இரண்டு பாதியும் எதிரெதிராகத் திரும்பும். முறுக்கினால் திரையில் இருக்கிற ஆள் திரும்புவான். அமுக்கினால் நடப்பான். இறுக்கி அமுக்கினால் ஓடுவான். சட்டென்று பிடியைத் தளர்த்தினால் குதிப்பான். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அவனும் அப்படி நினைத்துத்தான் கெட்டான்.

கல்யாணத்துக்கு முன்பு அவன் ஒரு கேம் சென்டரில் வேலை பார்த்தான். பகலெல்லாம் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக, குச்சி உடைந்த கன்ட்ரோலர்களைப் பிரித்துப் பூட்டுவான். சாயங்காலம் அங்கேயே உட்கார்ந்து ஆடுவான். ஆடினால் பின்னால் கூட்டம் நிற்கும். அவனுடைய கட்டைவிரல் போகிற வேகத்தை மற்றவர்கள் கண்ணால் பிடிக்க முடியாது. அந்தப் பெருமையிலேயே விரலின் வலியைக் கவனிக்காமல் விட்டான். கடைசியில் சட்டைப் பட்டன் போட முடியாத நிலை வந்த பிறகுதான் டாக்டரிடம் போனான். நரம்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் அந்த இரண்டு விரலுக்கும் ஓய்வுதான் என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதோடு அந்த விரல்கள் சரி. கையில் ஒட்டிக்கொண்டிருக்கும், வேலைக்கு ஆகாது. தேநீர்க் குவளையைக்கூட அவன் மற்ற நாலு விரலால் வளைத்துத்தான் பிடிப்பான்.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. கையில் பத்து விரல் இருக்கிறது. இரண்டு கட்டைவிரல் மட்டும் மாடாக உழைக்கிறது, மற்ற எட்டும் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் மாதிரி சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்கின்றன. இது என்ன நியாயம்? கை முழுவதும் வேலை செய்கிற ஒரு கன்ட்ரோலர் இருந்தால் யாருடைய விரலும் போகாதே? அவனை அந்த யோசனை பிடித்துக்கொண்டது. பிடித்தது பிடித்ததுதான், பிறகு விடவே இல்லை.

மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருந்தான். நல்ல மனசு. அக்காவின் முகத்துக்காகக் கடையின் மாடி அறையை மாமனுக்கு ஒழித்துக் கொடுத்தான். மானிட்டர் அட்டைப்பெட்டிகள் இருந்த இடத்தில் மேசை வந்தது, சால்டரிங் புகை வந்தது, ரப்பர் வாடை வந்தது. "மாமா ஏதோ பெருசா பண்ணிட்டிருக்காரு" என்று மச்சினன் ஆரம்பத்தில் எல்லோரிடமும் சொல்வான். பிறகு, "மாமா ஏதோ பண்ணிட்டிருக்காரு" என்றான். இப்போதெல்லாம் யாராவது கேட்டால், "மாடியிலதான் இருக்காரு" என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு, அதை இங்கே சொல்லிவிட வேண்டும். புதிதாக ஒரு கன்ட்ரோலர் செய்தால், அது எப்படி இருக்கிறது என்று செய்தவனுக்குத் தெரியாது. அவன் கைக்கு அது பழகிப்போயிருக்கும். அதனால் அதைத் தொட்டே பார்க்காத ஒருவரைக் கூப்பிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பின்னால் உட்கார வேண்டும். இப்படிப் பிடி, அப்படி முறுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் சோதனை செத்தது. ஒரு கை முதல்முறை தொடுவது ஒரு தடவைதான். அதற்குப் பிறகு அதுவும் பழகின கை, உதவாது. இதை உருண்டைக்காரன் வேதமாகப் பிடித்துக்கொண்டான். புதுக் கை என்று அதற்குப் பெயரும் வைத்தான். மச்சினன், மச்சினனின் மனைவி, அவர்களுடைய பிள்ளைகள், குழாய் ரிப்பேருக்கு வந்தவர், கூரியர் கொண்டுவந்தவர் என்று கண்ணில் பட்ட கையெல்லாம் தீர்ந்துபோயிற்று. தெருவில் யாராவது அவனைப் பார்த்து எதிர்ப்பக்கம் போனால், அது கையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

ஒரே ஒரு கையை மட்டும் அவன் தொடவிடவில்லை. மனைவியின் கை.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்துகிறவள். காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா, மூக்கில் வழுக்குகிறதா என்று பார்த்து, சின்ன குறடால் ஒரு வளைப்பு, ஒரு நிமிர்ப்பு. வாழ்க்கையில் ஒரு கேம்கூட ஆடாதவள். அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து, உருண்டை முழுசாக வந்தபிறகு, எந்தப் பழக்கமும் ஒட்டாத அந்தக் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தான். அதைக் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். "இவ கை மட்டும் கடைசிக்கு" என்பான், விருந்தாளிகள் முன்னால், ஏதோ நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டின மாதிரி. அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள். வீட்டில் முன்னறை அலமாரியில் ஓர் உருண்டை எப்போதும் இருக்கும், பக்கத்து மேசையில் அவனுடைய கம்ப்யூட்டரும் இருக்கும். தூசி தட்டும்போது அவள் சூடான பாத்திரத்தை எடுப்பதுபோல் துணியைச் சுற்றித்தான் அதை நகர்த்துவாள். தொடாதே என்றால் தொடமாட்டாள், அப்படி ஒரு மனுஷி என்று அவனுக்குப் பூரிப்பு.

போன மாதம் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கன்ட்ரோலர் செய்து விற்கிற கம்பெனி. உருண்டையின் படத்தை எங்கேயோ பார்த்தாராம். ஆடத் தெரிந்தவர்கள் சிலரைக் கூட்டி வையுங்கள், முதல்முறை பிடிக்கும்போது என்ன நினைக்கிறார்கள் என்று நானே பார்க்கிறேன், சரியாக இருந்தால் நாங்கள் செய்கிறோம் என்றார். மச்சினன் அன்றைக்கே மாமனைத் தனியாகக் கூப்பிட்டான். "மாமா, இது நடந்துச்சுன்னா சந்தோஷம். நடக்கலன்னா மாடி ரூமைக் காலி பண்ணிடலாம். கீழ கவுன்ட்டர்ல எனக்கும் ஓர் ஆள் வேணும்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இவனும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பான்.

அந்த நாள் வந்தது. மேசையில் உருண்டை, முன்னால் திரை. திரையில், ஆரம்ப நாளிலேயே அவன் எழுதி வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போட்டு வைத்திருந்த ஒரு சின்ன கேம். ஒரு மனிதன் நடந்து போய் ஒரு பாலத்தைக் கடந்து எதிரே இருக்கிற கதவைத் திறக்க வேண்டும். பாலம் நடுவில் வளையும். அந்த இடத்தில் அமுக்கிக்கொண்டே முறுக்க வேண்டும். அது ஒன்றுதான் கஷ்டம். கம்பெனிக்காரர் மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்தார். உருண்டைக்காரன் பின்னால், வாயை மூடிக்கொண்டு.

முதலில் வந்தவர் ஒரு டாக்ஸி டிரைவர், கார் ரேஸ் கேமில் புலியாம். உருண்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "எது சார் மேல்பக்கம்?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அவருடைய கட்டைவிரல் இரண்டும் பந்தின் மேல் அலைந்தன, இருட்டில் சுவிட்ச் தேடுகிற மாதிரி. குச்சியைத் தேடுகின்றன, இல்லாத குச்சியை. உருண்டையின் அடியில் சுண்டுவிரலுக்கென்று ஒரு பள்ளம் உண்டு. சுண்டுவிரல் அதில் போய் உட்கார்ந்தால்தான் பந்து கையில் நிற்கும், இல்லையென்றால் உள்ளங்கையிலேயே சுழலும். அதன்மேல் ஓர் அடையாளம் ஒட்டுங்க மாமா என்று மச்சினன் தலைபாடாக அடித்துக்கொண்டான். கை தானாகக் கண்டுபிடிக்கும் என்று இவன் கேட்கவில்லை. எந்தப் புதுக் கையும் இதுவரை அதைத் தானாகக் கண்டுபிடித்ததில்லை. டிரைவரின் கையும் கண்டுபிடிக்கவில்லை. பாலத்தின் வளைவில் அந்த மனிதன் நேராகப் போய்க் கீழே விழுந்தான். திரும்ப விழுந்தான். திரும்பவும்.

டிரைவர் உருண்டையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி இவன் முகத்தைப் பார்த்தார். "நல்லா இருக்கு சார். புதுசா இருக்கு. பழகிடும்."

இத்தனை வருஷத்தில் உருண்டைக்காரன் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்று இருந்தது. முகத்தைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொன்னால் அது மரியாதை. கையில் இருக்கிற பொருளைப் பார்த்துக்கொண்டே சொன்னால்தான் அது உண்மை. டிரைவர் நல்ல மனுஷர், அவ்வளவுதான்.

அடுத்து ஒரு கல்லூரிப் பெண், தலையில் குல்லா போட்டுக்கொண்டு. அவளுக்கு மரியாதையெல்லாம் தேவைப்படவில்லை. பிடித்து முறுக்கின உடனே, "ஐயோ, ஈரத்துணி பிழியற மாதிரி இருக்கு" என்றாள், உருண்டையைப் பார்த்துக்கொண்டே. ஆனாலும் விடாமல் முயன்றாள். நடக்க வைத்தாள், திருப்பினாள், பாலத்தில் ஏற்றினாள். உருண்டைக்காரனுக்கு மூச்சே நின்றது. வளைவில் அவள் அமுக்கிக்கொண்டே முறுக்கினாள், பந்து கையில் வழுக்கிச் சுழன்றது, மனிதன் விழுந்தான். "திரும்புறதுக்குள்ள இது எங்கயோ போயிடுது!" என்று அவள் பல்லைக் கடித்தாள். அவளுடைய சுண்டுவிரல் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு நெல்லளவு தள்ளினால் போதும். அவனுடைய கை தானாக முன்னால் நீண்டுவிட்டது.

"சார், விட்டுடுங்க" என்றார் மூலையிலிருந்த கம்பெனிக்காரர், மெதுவாக.

அவன் கையை இழுத்துக்கொண்டான். அவமானமாக இருந்தது. தன் பிள்ளை மேடையில் வசனம் மறந்து நிற்கும்போது கீழே உட்கார்ந்திருக்கிறவன் மாதிரி இருந்தது.

மூன்றாவது ஆள் ஒரு சேனல்காரன். புதிதாக எது வந்தாலும் முதலில் பிடித்துப் பார்த்து வீடியோ போடுகிறவன், அவனைப் பார்க்கிறதற்கென்று ஒரு கூட்டம் உண்டு. கேமராவை நிறுத்திவைத்துவிட்டு உருண்டையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். "மக்களே, இதை வச்சு கேம் ஆடலாம்னு சொல்றாங்க. நான் நம்பத் தயாரா இருக்கேன். என் கைதான் நம்ப மாட்டேங்குது." ஐந்து நிமிஷம் ஆடினான். விழுந்ததையெல்லாம் வேடிக்கையாக்கினான். போகும்போது உருண்டைக்காரனிடம் வந்து நிஜமான வருத்தத்தோடு கேட்டான். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இது யாருக்காகச் செஞ்சது?"

எல்லோருக்காகவும், என்று சொல்ல வந்தான். சொல்லவில்லை. இன்னும் சிலர் வந்தார்கள், பிடித்தார்கள், விழுந்தார்கள், போனார்கள். கதவை ஒருவரும் திறக்கவில்லை.

கம்பெனிக்காரர் லேப்டாப்பை மூடினார். யோசித்துச் சொல்கிறோம் என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று மாடிப்படிக்குக்கூடத் தெரியும். உருண்டைக்காரன் படியில் அவர் பின்னாலேயே இறங்கினான். தன் குரல் கெஞ்சுவது அவனுக்கே கேட்டது.

"சார், ஒரு நிமிஷம். இவங்க எல்லாரும் சின்ன வயசிலேருந்து குச்சியில ஆடினவங்க. கட்டைவிரல் அதையே தேடுது. பொருள்மேல தப்பில்ல சார், பழக்கத்துமேலதான் தப்பு. கேமே ஆடாத ஒரு கையில குடுத்துப் பாருங்க. அது சரியாப் பிடிக்கும்."

அவர் படியிலேயே நின்றார். இரக்கப்பட்டாரோ, நிஜமாகவே யோசித்தாரோ தெரியாது. "அப்படி ஓர் ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க."

"சரி, ஆடவிட்டு வீடியோ எடுத்து அனுப்புங்க. அவங்க அந்தக் கதவைத் திறந்துட்டா நாம மறுபடி பேசலாம். ஆடத் தெரியாதவங்க உலகத்துல ஜாஸ்தி."

இப்படியாக எல்லாமே அந்த ஒரு கையில் வந்து நின்றது. மாடி அறை, இத்தனை வருஷம், தெருவில் விழுந்த பெயர், எல்லாமும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னறையில் மேசையைத் துடைத்து வைத்தான். ஸ்டாண்டில் போனைப் பொருத்தி, அவளுடைய கையும் திரையும் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டான். அவள் சமையலறையிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விஷயத்தை நேற்றே சொல்லியிருந்தான். அப்போது அவள் சரி என்று மட்டும் தலையாட்டினாள். இப்போது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள், டாக்டருக்குக் காத்திருக்கிறவர்கள் உட்கார்வது மாதிரி.

"இன்னைக்கேதானா?" என்றாள்.

"வேற எப்ப? இத்தனை நாளும் இதுக்காகத்தானே வச்சிருந்தேன்."

"பயமா இருக்குங்க."

"இருக்கட்டும். அதுவும் வேணும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பிடி."

போனில் பதிவை ஓடவிட்டுவிட்டு அவள் பின்னால் போய் உட்கார்ந்தான். அவள் கையை நீட்டி உருண்டையை எடுத்தாள்.

எடுத்தவள் எது மேல்பக்கம் என்று பார்க்கவில்லை. திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையும் இரண்டு பாதியிலும் போய் அமர்ந்தன. சுண்டுவிரல் இரண்டும் கீழே இறங்கி, தேடாமல், தடுமாறாமல், அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தன.

உருண்டைக்காரனுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பார்த்தாயா, பழகாத கை தானாகவே கண்டுபிடிக்கிறது என்று மனசு துள்ளியது. அந்தத் துள்ளல் அடங்குவதற்குள்ளேயே அவளுடைய சுண்டுவிரலை இன்னொரு தடவை பார்த்தான். எந்தப் புதுக் கையும் அப்படிப் பிடிக்காது. அது அவனுக்கு மற்ற எதையும்விட நன்றாகத் தெரியும். பல நாள் பிடித்த கைதான் அப்படிப் பிடிக்கும்.

திரையில் அந்த மனிதன் நடந்தான். நன்றாகவே நடந்தான். திரும்பினான், சின்ன மேட்டைத் தாண்டிக் குதித்தான், பாலத்தில் ஏறினான். அவளுடைய உதடு உள்ளே மடங்கியிருந்தது. வளைவு வந்தது. அமுக்கிக்கொண்டே முறுக்கினாள். சுண்டுவிரல் பள்ளத்தில்தான் இருந்தது, ஆனாலும் பந்து கையில் சுழன்றது. மனிதன் பாலத்திலிருந்து விழுந்தான்.

அவள் மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி அதே வளைவு, அதே கதி. மூன்றாவது தடவை விழுந்தபோது நிறுத்திவிட்டாள். திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குங்க" என்றாள்.

அவன் எழுந்து போய்ப் போனை நிறுத்தினான். திரும்பி வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"எப்போலேருந்து?"

அவள் உருண்டையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்க இதை வீட்டுக்குக் கொண்டுவந்து வச்ச புதுசிலேருந்து. நீங்க மாடிக்குப் போனப்புறம் எடுத்துப் பார்ப்பேன்."

"தொடக்கூடாதுன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும், இவ கை கடைசிக்குன்னு சொன்னீங்க. கடைசியில எல்லாம் என் தலையில வந்து நிக்கும்னு எனக்கு அப்பவே தெரியும். அன்னைக்கு நான் விழுந்துட்டா நீங்க தாங்க மாட்டீங்க. அதான், எப்படியாவது பழகிடலாம்னு பார்த்தேன்."

அவனுக்குக் கோபப்பட வேண்டும் என்று தோன்றியது, கோபம் வரவில்லை. அலமாரியில் தூசி படியாமல் இருந்ததற்கெல்லாம் துணி காரணமில்லை என்று இப்போது புரிந்தது. தெருவில் எல்லாக் கையும் தப்பி ஓடின. ஓடாமல் நின்று, இத்தனை வருஷமும் யாருக்கும் தெரியாமல் அந்தப் பாலத்தில் ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்த ஒரே கை இதுதான்.

"ஒரு தடவையாவது அந்தக் கதவு திறந்துச்சா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"ஏன்? உனக்கு எங்க இடிக்குது, சொல்லு. முகத்துக்காகச் சொல்லாத."

அவள் அவனைப் பார்க்கவில்லை. உருண்டையைத்தான் பார்த்தாள். கடையில் ஒரு ஃபிரேமை வெளிச்சத்தில் பிடித்து எங்கே கோணல் என்று பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். பிறகு அவனுடைய வலது கையை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"அமுக்குங்க."

அமுக்கினான். நாலு விரலும் உள்ளங்கையும் இறுகின. கட்டைவிரல் பந்தின் ஓரத்தில் சும்மா கிடந்தது, எப்போதும் போல.

அவள் அதே இடத்தில் தன் கையை வைத்து அமுக்கிக் காட்டினாள். அவளுடைய கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தியது. அழுத்தினதும் அதைச் சுற்றிக்கொண்டு பந்து புரண்டது.

"எனக்கு இது சும்மா இருக்க மாட்டேங்குதுங்க. இருக்க வைக்க எவ்வளவோ பார்த்தேன், ரப்பர் பேண்ட் போட்டுக்கூடப் பார்த்தேன். நல்ல விரல் யாருக்குமே சும்மா இருக்காது" என்றாள். உருண்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "இது உங்க கைக்கு மட்டும்தாங்க சரியா வரும்."

அவன் தன் கையைப் பார்த்தான். பிறகு, திங்கட்கிழமை கவுன்ட்டரில் நிற்க எத்தனை மணிக்கு வரச் சொல்வான் உன் தம்பி என்று கேட்டான்.